இரண்டாவது டேப்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்காலுக்கு மட்டும் இன்னும் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருந்தால் எனக்கு அது போதும். சரி, உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்கிற விஷயம் இல்லை. உன் அம்மா ஜெயித்துவிட்டாள்!

நான் ஸ்டூடியோவில் உதவியாளராக இருந்தபோது அந்த ப்ளூஸ் ராக் குழுவின் கச்சேரியைப் பதிவு செய்தோமே, இன்றும் ஊரெல்லாம் கேட்கிற ரெக்கார்டு, அதில் கடைசிப் பாட்டு பாதியில் தேய்ந்து நின்றுபோகும், டேப் தீர்ந்துவிட்டது என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். தீரவில்லை, மீதியை அடுத்த மெஷினில் நான் பிடித்தேன் என்று எத்தனை வருஷம் தொண்டை வற்றச் சொல்லியிருப்பேன்! அப்பாவைத் தவிர ஒருவரும் நம்பவில்லை. அன்று டேப் குறைந்துகொண்டே வருகிறது, கிட்டார்காரர் நிறுத்துகிற வழியாக இல்லை, எங்கள் பெரிய இன்ஜினியர் சிகரெட் பிடிக்கப் போனவர் திரும்பவேயில்லை. இரண்டாவது மெஷினை நான் தொடக்கூடாது என்று உத்தரவு. தொட்டேன். பாட்டு முடிந்தபிறகு வந்த மனுஷன், புது டேப்பை வீணாக்கிவிட்டாய் என்று எல்லார் முன்னாலும் திட்டி, கேட்டுக்கூடப் பார்க்காமல் அந்த டேப்பைப் பெட்டியோடு மூலையில் எறிந்தார்.

போன மாதம் ஸ்டூடியோவைக் காலி செய்தபோது டிரம்ஸ்காரரின் மகள் அதைக் கண்டெடுத்தாள். போட்டால் மீதிப் பாட்டு முழுசாகப் பதினோரு நிமிஷம்! உடனே இன்ஜினியர், பதிவு செய்தது நான்தான் என்று கொஞ்சமும் கூசாமல் பேட்டி கொடுத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். அப்பா, விடாதே கிளம்பு என்று நொண்டிக்கொண்டே கூட வந்தார். ரெக்கார்டு கம்பெனியில் இன்ஜினியர், கிட்டார்காரர் எல்லாரும் இருந்தார்கள், எல்லாரும் முதல் டேப்போடு பாட்டு ஒட்டுகிற இடத்திலிருந்துதான் கேட்டிருக்கிறார்கள். டேப்பை முதலிலிருந்து போடுங்கள் என்றேன். மெஷின் ஓடத் தொடங்கியதும் எத்தனையாவது டேப் என்று மைக்கில் சொல்லிவைப்பது எங்கள் தொழில் வழக்கம். என் இருபத்திரண்டு வயசுக் குரல் அறை முழுக்கக் கேட்டது: "ரெண்டாவது டேப். சார் வெளிய போயிருக்கார். நானே போடுறேன், திட்டு விழுந்தா எனக்கு விழட்டும்."

இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார். கிட்டார்காரர், பாவம், நரைத்துப்போய்விட்டார், எழுந்து நின்று கைதட்டினார். அந்தக் குரலை வெட்டவே கூடாது, பாட்டுக்கு முன்னால் அப்படியே வரட்டும் என்று சொல்லிவிட்டார். புது அட்டையில் என் பெயர் முழுசாக இருக்கிறது, மூன்று தடவை தடவிப் பார்த்தேன்.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். காதை மூடாமல் குளிரில் போகாதே. ரெக்கார்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது நீகூட ஒரு தடவை, நிஜமாகவாம்மா என்று கேட்டாய். நான் துணியை மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

நிஜம்தான்டி.

உன் அம்மா