பதினோரு பச்சைப் புள்ளிகள்

பதிவு 412. காலை 06.10
கப்பல்: கயல். விழித்திருப்பது நான் மட்டும், வானியலாளர் மங்கையர்க்கரசி. உறக்க அறைகளில் நாற்பது பேர். அதில் ஒருத்தி என் மகள் குயிலி. எல்லாம் சீர்.

எங்கள் நீள்வட்டக் கேலக்ஸியைவிட்டு வெளியே போகிறோம்; திரும்பியாக வேண்டும். அதன் நிறை போதுமென்றால் ஈர்ப்பே எங்களைத் திருப்பி இழுத்துவிடும். நிறையை அளக்கக் கோள் நெபுலாக்கள்தான் துணை. சாகும் விண்மீன்கள் உதறிய வாயு அவை. இவ்வளவு தொலைவிலும் ஒரே பச்சையில் பளிச்சென்று தெரியும். அவை நகர்வதால் அந்தப் பச்சை பிசகும் அளவிலிருந்து வேகம், வேகத்திலிருந்து நிறை.

பதிவு 431. மாலை 17.45
நெபுலாக்களில் பதினோரு பச்சைப் புள்ளிகள் தலைதெறிக்க ஓடுகின்றன. கூட்டத்தோடு ஒட்டாததைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எங்கள் வழக்கம். இம்முறை சேர்த்தேன். இந்த வேகத்திலும் தப்பி ஓடவில்லையென்றால், பிடித்து வைக்கும் நிறை அங்கே இருக்கத்தானே வேண்டும்?

நிறை தாராளம். திரும்பிவிடுவோம்!

எரிபொருள் ஒருமுறை கப்பலைத் திருப்ப மட்டுமே இருந்தது. இனி அது வேண்டாம். உறக்க அறைகளின் வெப்ப உலைக்கு மொத்தத்தையும் மாற்றிவிட்டேன். மாற்றினால் திரும்ப எடுக்க முடியாது. பரவாயில்லை. இன்று காபி கொஞ்சம் கெட்டியாகவே போட்டுக் குடித்தேன்.

பதிவு 438. காலை 09.20
பின்னால் வரும் 'அல்லி' கப்பலிலிருந்து அதன் வானியலாளர் பரஞ்சோதியின் குரல். அவனிடம் பெரிய தொலைநோக்கி உண்டு.

"அக்கா, அந்தப் பதினொண்ணும் நம்ம கேலக்ஸியோடது இல்ல. குறுக்க ஒரு சின்ன கேலக்ஸி போகுது, ரொம்ப மங்கல். அதோடதுக்கா. நான் கப்பலைத் திருப்பிட்டேன். நீங்களும் உடனே திருப்புங்க. எரிபொருள் இருக்குல்ல?"

பதிவு 439. 09.50
பதினொன்றையும் நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டேன். நிறை பாதிகூட இல்லை; ஈர்ப்பு எங்களைத் திருப்பி இழுக்காது. மறுபடி போட்டேன். அதேதான்.

உலைக்குழாயைக் கழற்றப் பார்த்தேன். கை வெந்ததுதான் மிச்சம்.

பதிவு 440.
"அக்கா, ஏன் இன்னும் நேராவே போறீங்க? அக்கா?"

மூன்றாம் முறையாகக் கணக்குப் போட்டேன்.

பதிவு 441
பரஞ்சோதியின் குரல் எட்டவில்லை. அழுது தீர்த்தாயிற்று. குயிலியின் படுக்கைக் கண்ணாடி மூடியைத் துடைத்துத் திறந்தேன். கன்னம் வெதுவெதுப்பாக இருக்கிறது. வெப்பத்துக்கு மட்டும் இங்கே குறையே இல்லை.

படுக்கும் முன் அவள் கேட்டது: "ம்மா, கப்பல் திரும்புறப்போ என்னை எழுப்பிவிடு, நான் பாக்கணும்." அதையேதான் அவள் படுக்கைக்குக் கட்டளையாகப் போட்டிருக்கிறேன்.

எழுப்பி உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அவள் பக்கத்துப் படுக்கை காலி. அதில் படுக்கிறேன். எனக்கும் அதே கட்டளை:
கப்பல் திரும்பும்போது எழுப்பு.