போக இரண்டு, வர ஏழு

தோஹாவில் இருக்கும் தம்பி அலவிக்குட்டிக்கு, கொண்டோட்டியிலிருந்து ஜமீலா இத்தா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்கும் மனம் இன்று இல்லை, கேட்டதாக வைத்துக்கொள். என் போனை நீ எடுப்பதில்லை, அதனால் இதை அங்கே வருகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மகள் ஷிஃபானாவின் நிக்காஹ் அடுத்த ஞாயிறு. பந்தல் போட்டாயிற்று, பிரியாணிக்கு ஆள் பேசியாயிற்று. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கொடுக்க வேண்டிய வாப்பாதான் பாக்கி. அந்தப் பொறுப்பை நம் அண்ணன் மொய்தீன்குட்டிக்குக் கொடுப்பதாகச் சொல்லியனுப்பினாயாம். அண்ணன் பந்தலுக்குக் கீழே நின்று கத்துகிறார்: "அவன் உசிரோடதானே இருக்கான்? மௌத்தானவன் மகளுக்குக் குடுக்கிற மாதிரி நான் எதுக்குக் கையை நீட்டணும்?"

மகளிடம் நீ சொன்ன காரணத்தைக் கேட்டேன். "வர்றதுக்கு ஏழு மணி நேரம் மோளே. அஞ்சு மணி நேரத்துக்கு மேல உக்காந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேணும்னா டிக்கெட்டைப் பாத்துக்கோ." பார்த்தோம். அங்கே இரவு எட்டுக்குக் கிளம்பும் விமானம், இங்கே கரிப்பூரில் விடிகாலை மூன்றுக்கு இறங்குகிறது. ஏழுதான்.

பூகோளம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவளிடமா இது? பொறுமையாகச் சொல்கிறேன், கேள். அடுக்களைக் கடிகாரத்தைவிட வாசல் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது என்று வை. அடுக்களையில் எட்டு மணி பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தால் அங்கே பத்தரை. இரண்டரை மணி நேரம் நடந்தேன், கால் வீங்கிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? நமக்கிடையே ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். விமானம் நாலரை மணி நேரத்தில் கடக்கிறது. மீதி இரண்டரை நம் ஊர்க் கடிகாரத்துடையது. அதில் உன் கால் உட்காருவதில்லை.

உனக்குத் தெரியாததா? முதல் தடவை இங்கே ஒன்பதுக்கு ஏறி, அங்கே பதினொன்றுக்கு இறங்கியவன் நீ. அழுதுகொண்டிருந்த உன் மனைவி நஃபீசாவிடம், "ரெண்டே மணி நேரம்டீ. நீ மீன்கறி வெச்சு எறக்குறதுக்குள்ள வந்து நிப்பேன்" என்று சிரித்தாயே. கட்டியவளை விட்டுப் போக இரண்டு, பெற்ற மகளிடம் வர ஏழா?

அங்கே நீ கட்டிக்கொண்ட இன்னொருத்தி விடமாட்டாள் என்றால் அதைச் சொல். நஃபீசாவின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது என்றால் அதைச் சொல். பாவம், அந்தக் கால்களை மட்டும் இதில் இழுக்காதே.

ஷிஃபானா உன்னை நம்புகிறாள். நேற்று மருதாணிக் கையோடு வந்து, "ஏழு மணி நேரம் வாப்பாவால முடியாதுல்ல மாமி? பெரியவாப்பாகிட்ட கோபப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விளக்கிய கணக்கை இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் விளக்காமல் நின்றேன்.

ஆனால் மாப்பிள்ளைக்கும் தோஹாவில்தான் வேலை. அடுத்த மாதம் அவளை அங்கேதான் கூட்டிப்போகிறான். இங்கே கட்டிய கைக்கடிகாரத்தை மாற்றாமலே அவள் அங்கே இறங்குவாள்; ஏழா, நாலரையா என்று அதுவே அவளுக்குச் சொல்லிவிடும்.

அதற்கு முன் வந்துவிடு. உன் கால்களுக்கு அல்லாஹ் சுகம் தரட்டும்.

இப்படிக்கு,
ஜமீலா