இலை இடுக்கில் ஒற்றைப் பூ

ஜூலை 6, ஞாயிறு

மழை விட்டதும் பக்கத்தில் வீடு கட்டாத காலி சைட்டில் கீரை கிள்ளினேன். பலகீரை, எல்லாம் கலந்து கடைய. இங்கே விஜயநகரில் கன்னடத்தில் பெரகெ சொப்பு என்பார்கள். ஒரே கீரையைக் கடைவது சோம்பேறி வேலை என்பாள் ஹனூரில் என் மாமியார். அவள் கீரை கிள்ளப் போய் எருமையைத் தொலைத்துவிட்டு வந்தது பெரிய கதை, இருக்கட்டும். பண்ணைக்கீரை, குமுட்டி, நிறைய மூக்கிரட்டை. பாதியை அடுத்த வீட்டு சுஷ்மாவுக்குக் கொடுத்தேன். அவளுக்கு ஆறு மாதம். கீரை என்றால் உயிர். போனில் லென்ஸ் மாட்டிப் பூக்களைப் படம் பிடிப்பாள். கடுகளவுப் பூவைத் தட்டளவு காட்டுவாள்.

ஜூலை 7

தங்கை மாதேவி போனில் பேசினாள். கீரையைப் பற்றிச் சொன்னேன்.

"அது மூக்கிரட்டையேதானா? சாரணையா இருக்கப் போவுதுக்கா. ரெண்டுக்கும் எலை ஒண்ணாட்டந்தான் இருக்கும். புள்ளத்தாச்சிக்கு ஆவாது. கலைஞ்சுரும்பாங்க."

எங்கள் சோளக்காட்டில் மூக்கிரட்டைதான் முளைக்கும். பூவைப் பார்த்துக் கிள்ளும் பழக்கமே எனக்கில்லை. சைட்டுக்கு ஓடினேன். மேகமூட்டம், பூவெல்லாம் மூடிக் கிடந்தது. சுஷ்மாவிடம் சொல்வதா? இன்னும் சமைக்காமல் இருந்தால்? ஐயோ, நான் என்ன பண்ணிப்போட்டேன்—

ஜூலை 8

"கண்ணு, சைட்டுல அந்தக் கீரைப் பூவை ஒரு படம் புடிச்சுக் காட்டேன்." சுஷ்மாவிடம் காரணம் சொல்லவில்லை.

"வாங்கக்கா, எனக்கும் போர் அடிக்கறது."

வெயில் ஏறும்வரை சைட்டில் நின்றோம்.

"கீரை சூப்பர்க்கா. ரெண்டு வேளையும் அதான் சாப்டேன்."

பூ விரிந்ததும், வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து எடுத்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். மூக்கிரட்டை நூல் மாதிரி காம்பின் நுனியில் கொத்தாகச் சிவந்து பூக்கும். இது இலை இடுக்கில் ஒட்டிக்கொண்டு ஒற்றையாக, வெளிறிய ரோஸில்.

"எவ்ளோ அழகு! பேரென்னக்கா?"

சாரணை என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

"சந்தேகந்தான் கண்ணு."

உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பியது.



ஜூலை 9

சுஷ்மாவின் மாமியார் லலிதாம்பாள் மதிலுக்கு மேலாகப் பேசினார்.

"ஸ்கேன்ல குழந்தை நன்னா இருக்கு. இருந்தாலும் ஜாக்கிரதையா பாத்துக்கணும்னு டாக்டர் சொன்னார். இனிமே உங்க புல்லு பூண்டெல்லாம் எங்காத்துக்கு வேண்டாம். தெரிஞ்சுதா?"

தெரிந்தது.

ஆகஸ்ட் 15

வாசலில் சுஷ்மா. என்னைக் கண்டதும் போனைப் பார்க்கத் தொடங்கினாள்.

அக்டோபர் 4, சனி

பெண் குழந்தை. இருவரும் நலம். காலையில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வலி எடுத்து சுஷ்மாவைக் காருக்குக் கூட்டி வந்தார்கள். "ஒண்ணும் ஆகாதுடி, ஒண்ணும் ஆகாது" என்றார் லலிதாம்பாள். புருஷன் அர்ஜுனும் அதையே சொன்னான். கிட்டப் போகத் துணிவில்லாமல் மதிலோரம் நின்றேன். சுஷ்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஏறமாட்டேன் என்றாள்.

"கனகக்கா வரட்டும்."

"அவ எதுக்குடி இப்போ?"

"நீங்கள்ளாம் ஒண்ணும் ஆகாதுன்னே சொல்றேள். ஏதாவது ஆச்சுன்னா அவங்கதான் எங்கிட்ட சொல்லுவாங்க."

லலிதாம்பாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டார்.