முகவரியில் வசிக்கவில்லை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு வலிக்கிறது. உன் வயிற்று வலி குறைந்திருக்க வேண்டும், மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறாய் என்று நானே சொல்லிக்கொண்டு அன்றைய வேலையைத் தொடங்குகிறேன். போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பாஸ்போர்ட் ஏன் இவ்வளவு தாமதம் என்று போனில் நீ கேட்டபோது, ஆபீஸில் வேலை அதிகமாம் என்று சொல்லிவிட்டேன். அது உண்மை இல்லை. உண்மையைச் சொல்லப் போனால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நீ ஆபரேஷனுக்கு நாள் குறித்ததைச் சொன்ன அன்று, ஆஸ்பத்திரிப் படிவத்தில் உன்னோடு துணைக்கு வருபவர் யார் என்று கேட்ட இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தக் கோடு என் கண்ணை விட்டுப் போகவில்லை. மறுநாளே பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன். நீ அங்கே போன புதிதில் அப்பாவும் நானும் சேர்ந்து வாங்கியது. காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது, ஒரு முத்திரைகூட இல்லை. முப்பத்தோரு வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். ஒரு தடவைகூட யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு மாதிரி இருக்கும், இதைப் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது. உடனே புகைப்படம் எடுக்கப் போனேன். ஸ்டூடியோக்காரர் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், காது தெரிய வேண்டும் என்றார், சிரிக்காதீங்கம்மா, கம்ப்யூட்டர் ஒத்துக்காது என்றார். நான் சிரிக்கவே இல்லையே என்றதற்கு, அப்படின்னா அழாம இருங்க, அதையும் அது ஒத்துக்காது என்றார்.

பாஸ்போர்ட் ஆபீஸுக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனேன். விண்ணப்பத்தை மூன்று முறை படித்துப் பார்த்திருந்ததால் காகிதத்தில் ஒரு குறையும் இல்லை, விரல்தான் மக்கர் செய்தது. பசையும் தாளும் தொட்டுத் தொட்டு ரேகை தேய்ந்துவிட்டதாம். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், ஐந்து தடவை வைத்துப் பார்த்துவிட்டு, இருங்கம்மா என்று தன் கைக்குட்டையை எடுத்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். என் கையை யாராவது பிடித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். கணவர் பேர் இருக்கட்டுமா, எடுத்துடலாமா, உங்க இஷ்டந்தான் என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். இனிமேல் போலீஸ்காரர் ஒருவர் வந்து நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார், அதற்குப் பிறகு கையில் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினாள்.

பன்னிரண்டு நாள் காத்திருந்தேன், யாரும் வரவில்லை. பிறகு போனுக்கு ஒரு செய்தி வந்தது, விசாரணையில் விண்ணப்பதாரர் கொடுத்த முகவரியில் வசிக்கவில்லை என்று தெரிய வந்திருக்கிறதாம். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. உன்னிடம் மறைத்ததை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அப்பா கடைசி நாலு மாதம் முன் அறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாரே, அவர் போன பிறகு நீ பதினாறு நாள் இருந்துவிட்டுக் கிளம்பினாய் அல்லவா, அன்று சாயந்திரம் அந்த அறையையும் முன் வாசலையும் சேர்த்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு திறக்கவில்லை. அந்தக் கட்டிலைத் தாண்டித் தெருவுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. பின்பக்கக் கதவு வழியாகத்தான் இந்த இரண்டு வருஷமும் போகிறேன், வருகிறேன். பின் சந்தில் என்ன இருக்கிறது, மரம் அறுக்கும் மில்லின் சுவர்தான் இருக்கிறது. காலையிலிருந்து அந்த ரம்பச் சத்தத்தில் முன் வாசலை யார் தட்டினாலும் கேட்காது. தினமும் சாயந்திரம் தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள், பொழுது போவதே தெரியவில்லை என்று உன்னிடம் சொல்லி வந்தேனே, ஒருத்தரும் வரவில்லை குட்டிம்மா. நான்தான் யாரிடமும் போகவில்லை.

ஸ்டேஷனுக்குப் போனேன். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர், காகிதத்தை எடுத்துக் காட்டினார். கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார், பதில் இல்லை. எதிர்ச்சாரியில் உன் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் தைத்துக் கொடுத்த தையல்காரரைக் கேட்டிருக்கிறார். அந்த வீடா சார், பூட்டி ரெண்டு வருஷமாச்சே, லைப்ரரி அம்மா மகளோட வெளிநாடு போயிட்டாங்க, அங்க சௌக்கியமா இருக்காங்க என்று தையல்காரர் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, மனதார அப்படித்தான் நம்பியிருக்கிறார். உன்னிடம் வருவதற்காக நான் கேட்ட பாஸ்போர்ட், நான் ஏற்கெனவே உன்னிடம் வந்துவிட்டதால் கிடைக்கவில்லை. போலீஸ்காரர், இல்லைன்னு தெருவே சொல்லுது, இருக்கேன்னு நீங்க ஒருத்தங்கதான் சொல்றீங்க, நான் யாரம்மா நம்புறது என்று கேட்டார். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். அப்புறம் அவரே, வியாழக்கிழமை மறுபடி வர்றேன், தெருவுல ரெண்டு பேர் உங்களத் தெரியும்னு கையெழுத்துப் போட்டா எழுதி அனுப்பிடறேன் என்றார்.

இரண்டு பேர் என்பது இவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று எனக்கு இதுவரை தெரியாது. தையல் கடை வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் மெஷினை நிறுத்திவிட்டு, எப்ப வந்தீங்கக்கா என்றார். நான் போகவே இல்லை தம்பி என்றேன். நம் வீட்டை ஒட்டிய மாவு மில்காரம்மா தலையெல்லாம் மாவாக வெளியே வந்து, விஷயத்தைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார். ரெண்டு வருஷமா இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கந்தான் இருந்தீங்களா, ஒரு குரல் குடுக்க வாய் இல்லையா, நான் பாட்டுக்கு உங்க வாசல்ல மாவு மூட்டைய இறக்கி வச்சுக்கிட்டு இருக்கேன், அதுக்காவது வந்து சண்டை போட்டிருக்கலாமில்ல என்று விடாமல் திட்டினார். திட்டு வாங்குவது இவ்வளவு இதமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தையல்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, கையெழுத்துப் போடறேங்க்கா, ஆனா நீங்க கதவத் திறக்கணும், பூட்டின வீட்டுக்கு ஆள் இருக்குன்னு எழுதிக் குடுத்தா என்னையில்ல பிடிச்சுக்கிட்டுப் போவாங்க என்றார்.

சாவியை எடுத்து வந்தேன். பூட்டு துருப்பிடித்துத் திரும்பவில்லை. தையல்காரர் மெஷினுக்கு விடும் எண்ணெயைக் கொண்டுவந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் கால் மணி நேரம் போராடினார். கதவு திறந்ததும் உள்ளே போக நான் தயங்கினேன், மில்காரம்மா கேட்காமலே முதலில் போய் ஜன்னலைத் திறந்தார். நாள்காட்டி அந்த மாதத்திலேயே நின்றிருந்தது. அப்பாவின் செருப்பு கட்டிலுக்கு அடியில் ஜோடியாக இருந்தது. மில்காரம்மா அதைத் தொடாமல் சுற்றிப் பெருக்கினார், பிறகு கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் பிடிங்க என்றார், இரண்டு பேரும் அதைச் சுவரோரம் தள்ளினோம்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே நாற்காலியை வாசலில் போட்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். போலீஸ்காரர் பதினொன்றரைக்கு வந்தார். எத்தனை வருஷமா இவங்களத் தெரியும் என்று தையல்காரரைக் கேட்டார். முப்பது வருஷமாத் தெரியும் சார், நடுவுல ஒரு ரெண்டு வருஷம் தெரியாமப் போச்சு என்றார் அவர். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

நேற்று பாஸ்போர்ட் வந்தது, தபால்காரரிடம் வாசலிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திங்கட்கிழமை விசாவுக்குக் கொடுக்கப் போகிறேன், உன் ஆபரேஷனுக்குள் கிடைத்துவிடும் என்று பயண ஏஜென்ட் சொல்கிறார், அவர் வார்த்தையை முழுசாக நம்பி உனக்கு வாக்குக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. கதவைத் திறந்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்றும் முழுப் பகல் திறந்துதான் இருந்தது, தபால்காரரைத் தவிர யாரும் படியேறவில்லை. அவரவருக்கு வேலை இருக்கிறது. ஆனாலும் ஐந்து மணிக்கு மில்காரம்மா தெருவில் நின்றபடியே, இருக்கீங்களா என்று ஒரு சத்தம் கொடுத்தார். இருக்கேன் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கையிலிருந்த புத்தகத்தைப் படிக்க எனக்கு ஓடவில்லை.

இங்க நிறையப் பேர் இருக்காங்கம்மா, கவலைப்படாதே என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் நம்பினேன். இப்போது நம்பவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நான் சொன்ன அதே பொய்யைத்தானே நீயும் எனக்குச் சொல்லியிருப்பாய். அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்கிக் கோட்டை அடித்துவிட்டு என் பெயரை எழுது. விசா தாமதமானால் என்ன செய்வது என்றும் யோசித்துவிட்டேன். உன் மாடியில் எதிர்க் கதவு ஒன்று இருக்கிறது என்றாயே, அதைத் தட்டு. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், திட்டு வாங்கிக்கொள்ள வந்தேன் என்று சொல். மாத்திரையை மறக்காதே, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உன் தலைமாட்டில் எப்போதும் உண்டு.

முன் அறையிலிருந்து,
உன் அம்மா

பதில் போட்டால் பழைய முகவரிக்கே போடு. இருக்கிறேன்.