வெயில் எந்தக் கன்னத்தில்?

துவைத்துக் காய்ந்த பேன்ட்டை மடிக்கும்போது பாக்கெட்டிலிருந்து இயர்போன் வந்து விழுந்தது. "பாக்கலைங்க, அதையும் சேர்த்துத் துவைச்சுட்டேன். கத்தாதீங்க" என்றாள் மனைவி. கறுப்பு ஒயர், நடுவில் ஒரு பொத்தான், பிய்ந்துபோன இடத்தில் நீ சுற்றிக்கொடுத்த பிளாஸ்திரி. காதில் மாட்டிப் பார்த்தேன். சோப்புத்தூள் வாசனை. இடது பக்கம் செத்துவிட்டது. வலது பக்கம் கொரகொர என்று உயிரோடுதான் இருக்கிறது. அந்தக் கொரகொரப்பைக் கேட்டதுமே என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. இப்போது நீ கேட்பாய் என்று பழக்கத்தில் காத்திருக்கிறேன். "டேய், எங்கடா இருக்கே? மொதல்ல அதைச் சொல்லு."

நீ போய் நாலு மாதம் ஆகப்போகிறது. கேட்க ஆளில்லை என்பது இந்தக் காதுக்கு இன்னும் உறைக்கவில்லை.

ஒரே ஊர்க்காரர்கள் நாம் மூவரும் ஃபோனுக்குள்தான் சந்தித்தோம், நினைத்தால் சிரிப்புதான். முன்பின் தெரியாத ஆட்களைச் சேர்த்து அணி பிரிக்கும் விளையாட்டு. நான் சுடப்பட்டு விழுந்து, "அய்யய்யோ செத்தேன்" என்று அலறியதும் மறுமுனையில் நீ நிதானமாகக் கேட்டாய்: "திருச்சியா நீங்க?" நீ ஸ்ரீரங்கம். காலையில் கோயிலில் பாசுரம் பாடும் கோஷ்டியில் நின்று சேவிப்பாய், பகலெல்லாம் மெடிக்கல் ஷாப், பொழுது சாய்ந்தால் துப்பாக்கி. மூன்றாமவன் ரபீக், அவனுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. நான் மன்னார்புரம், துறையூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குப் பம்ப்செட் விற்கிறவன். ஒரே வாரத்தில் 'டா' போட ஆரம்பித்தோம், அவ்வளவுதான்.

"நாப்பது வயசு நெருங்குது, அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று மனைவி ஒருநாள் கேட்டபோது சொன்னேன். ஒரு பெரிய தீவில் இறங்குவோம், கடைசிவரை உயிரோடு நிற்கும் அணி ஜெயிக்கும். அடிபட்டு விழுந்தவனிடம் கூட்டாளி சீக்கிரம் வந்து சேர்ந்தால் எழுப்பிவிடலாம். வராவிட்டால் போச்சு. அதனால் விழுந்தவன் எங்கே விழுந்தான் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "அதைக்கூடச் சொல்லத் தெரியாதா?" என்றாள். அவளுக்கென்ன தெரியும், அடி விழும்போது வாயில் என்ன வரும் என்று.

ரபீக் விழுந்தால், "அடிச்சுட்டான்டா, இங்கதான், இங்கதான்!" என்பான். நீ, "இங்கங்கறது எந்த ஊர்டா?" என்பாய். நான் இடது பக்கம் என்றால் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "உன் இடது எனக்கெதுக்கு? நான் என்ன உன் சட்டைக்குள்ளயா இருக்கேன்? திக்கு சொல்லு." கோயிலைச் சுற்றி வடக்குச் சித்திரை வீதி, கிழக்கு உத்திர வீதி என்று தெருவுக்குத் தெரு திக்கோடு வளர்ந்தவன் நீ. உங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட, "அந்த மோர்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் மேற்கே தள்ளு" என்பார்கள். எனக்கு அந்த ஞானமெல்லாம் கிடையாது. மன்னார்புரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரே ஒரு திக்குதான் தெரியும். ஆறு இருக்கிற பக்கம் வடக்கு.

அதுதான் என் வியாதி. திரைக்கு மேலே திசைகாட்டி ஓடிக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்த்தால்தானே? விளையாட்டில் ஆறு எங்கே வந்தாலும் "வடக்கே, வடக்கே" என்று கத்திவிடுவேன். ஒருமுறை என் பேச்சை நம்பி நீங்கள் இருவரும் வடக்கே திரும்ப, எதிரிகள் தெற்கிலிருந்து வந்து முதுகில் சுட்டுத் தள்ளினார்கள். நீதான் பேசினாய். "ஏண்டா, லோகம் பூரா உங்காத்து மொட்டைமாடியிலேர்ந்துதான் பாக்கணுமா? ஸ்ரீரங்கத்துல எங்களுக்கு வடக்கேயும் ஆறு, கொள்ளிடம்; தெற்கேயும் ஆறு, காவேரி. நாங்க எங்க போய் முட்டிக்கறது?"

அன்றைக்கு நடந்ததை உன்னிடம் முழுதாக நான் பேசியதே இல்லை. பேச்செடுத்தாலே நீ, "சரி சரி, மாத்திரை போட்டுண்டியா?" என்று மாற்றிவிடுவாய். இப்போது மாற்ற முடியாது, கேள்.

துறையூரில் வேலை முடிய நேரமாகிவிட்டது. ஆட்டத்துக்கு வராவிட்டால் நீங்கள் இருவரும் காய்ச்சி எடுப்பீர்களே என்று பைக்கை விரட்டினேன். மண்ணச்சநல்லூரில் டீ குடித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கண் விழித்தபோது நாணல் புதருக்குள் சாய்ந்து கிடந்தேன். தொடைக்கு மேல் பைக். கால்சராய் சூடாக நனைந்திருந்தது. நாணலின் ஊடே கொஞ்சம் மணல், கொஞ்சம் தண்ணீர் மினுமினுத்தது. ஆறு. மேலே எங்கோ பாதை. எவனும் அந்தப் பக்கம் வருகிற மாதிரி தெரியவில்லை. கூப்பிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

ஃபோன் மார்பில் கிடந்தது. திரை நொறுங்கிக் கருத்துப்போய்விட்டது. தேய்த்தேன், தட்டினேன், ஒன்றும் அசையவில்லை. யாரையும் அழைக்க முடியாது, இருக்கும் இடத்தை அனுப்பவும் முடியாது. பெண்ணுக்கு அப்போதுதான் ஒரு வயது. அவள் முகம் வந்தது. இப்படியே, இந்த நாணலுக்குள்ளேயே முடிந்துபோகும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. பயத்தில் அழுதேன், இதில் என்ன வெட்கம்.

அப்போதுதான் ஃபோன் நடுங்கியது. திரை செத்தாலும் உயிர் இருந்திருக்கிறது. இயர்போன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கினேன்.

"எங்கடா தொலைஞ்சே? ஆட்டம் ஆரம்பிச்சாச்சு."

"விழுந்துட்டேன்டா" என்றேன்.

நான் விளையாட்டைச் சொல்லவில்லை என்பது உனக்கு எப்படித்தான் புரிந்ததோ. பிறகு அதே குரல், அதே நிதானம். "எங்க இருக்கே? மொதல்ல அதைச் சொல்லு."

"தெரியல. ரத்தம் போகுதுடா."

"ரத்தத்தை நான் பாத்துக்கறேன். என்ன தெரியறது சொல்லு."

ஆறு தெரிகிறது என்றேன். எந்தப் பக்கம் என்றாய். "வடக்கே" என்றேன். கொள்ளிடப் பாலம் தாண்டினாயா என்றாய். நினைவில்லை. அந்தப் பக்கம் நீ ரபீக்கிடம் பேசுவது கேட்டது. அன்றைக்கு அவன் உன் கடையில்தான் உட்கார்ந்திருந்தான் போல. ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. "ஆறு வடக்கேன்னா பாலம் தாண்டிட்டான், மேலூர்ப் பக்கம்தான் எங்கயோ கிடக்கான்" என்று அவன் கத்தினான். மேலூர் உங்கள் கரை, கொள்ளிடத்துக்குத் தெற்கே. நான் கிடந்ததோ அக்கரையில். அவன் சொன்ன வழியில் நீங்கள் போயிருந்தால் இருட்டும்வரை தேடியிருப்பீர்கள், நான் இருட்டும்வரை தாங்கியிருக்க மாட்டேன்.

"நில்லு, நில்லு. வண்டியை நிறுத்து" என்றாய் நீ. "இவன் சொல்ற வடக்கை நம்பாதே."

பிறகு என்னிடம்: "டேய், நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. மூஞ்சியை ஆத்துப் பக்கம் திருப்பு. திருப்பிட்டியா? இப்ப வெயில் எந்தக் கன்னத்துல படறது?"

எனக்கு எரிச்சலாக வந்தது. சாகக் கிடக்கிறவனிடம் கன்னத்தைப் பற்றிக் கேட்கிறானே! கையைத் தூக்கித் தொட்டுப் பார்த்தேன். வலது கன்னம்தான் சுட்டது.

"வலது."

"நன்னா யோசிச்சுச் சொல்லு. சோத்துக் கைப் பக்கமா?"

"ஆமாடா, சோத்துக் கை!"

"சாயங்கால வெயில். மேற்கு உனக்கு வலது. அப்ப நீ பாத்துண்டிருக்கறது தெற்கு. ஆறு உனக்குத் தெற்கே இருக்கு, மண்டு. நீ பாலமே தாண்டல." ரபீக்கிடம், "வடகரை. பாலத்தைத் தாண்டி மேற்கே திருப்பு" என்றாய். மண்ணச்சநல்லூரிலிருந்து நெரிசலுக்குப் பயந்து கரைப் பாதையில் குறுக்கே புகுந்திருப்பேன் என்று அதையும் நீயே கணக்குப் போட்டுவிட்டாய். திக்கு திக்கு என்று உயிரை வாங்கியவன், கடைசியில் என் சோற்றுக் கையை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தாய்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கண் செருக ஆரம்பித்தது. வலி குறைந்து குளிர் ஏறியது. தூங்கினால் நன்றாக இருக்கும் போல இருந்தது. நீ விடவில்லை. "ஹார்ன் அடிச்சுண்டே வரோம். ஒரு காதுலேர்ந்து ஒயரைக் கழட்டு. கேட்டதும் சொல்லு." நடுவில் லைன் அப்படியே அடங்கிப்போகும். கட்டாகிவிட்டதோ என்று ஒயரைக் காதில் அழுத்திக்கொள்வேன். மறுபடி நீ வருவாய், கடையில் மாத்திரை எண்ணிக்கொடுக்கிற குரலில். "இருக்கியா? பேசு. உன் பொண்ணு பேரை முழுசாச் சொல்லு." சொன்னேன். "திருப்பிச் சொல்லு." சொன்னேன். உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். "அதையும் திருப்பிச் சொல்லு" என்றாய்.

ஹார்ன் கேட்டது. மெல்லிசாக, கொசு மாதிரி.

"கேக்குது!"

"வளர்றதா, தேயறதா?"

"வளருது... வளருது... டேய், தேயுதுடா! தாண்டிட்டீங்க! போகாதீங்கடா!"

"திருப்பு ரபீக். மெதுவா. உருட்டிண்டே போ."

நாணல் மடமடவென்று முறிந்த சத்தம் கேட்டபோது எனக்குக் கண் தெரியவில்லை. கால் மேலிருந்த பாரம் நகர்ந்தது. உன் மேல்துண்டைத் தொடையில் இறுக்கிக் கட்டினாய். சந்தனமும் டெட்டாலும் கலந்த உன் வாசனை அடித்தது. "வந்துட்டோம். இனிமே நீ பேச வேண்டாம், வாயை மூடிண்டு கிட" என்றாய். அவ்வளவு அதட்டலாக ஒருவன் அன்பு காட்டி நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை என் மனைவி என்னிடம் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் காலை அல்ல, உயிரையே காப்பாற்றியிருக்க முடியாதாம். காலில் கம்பி வைத்தார்கள். நடக்கிறேன், கொஞ்சம் சாய்த்து. "உனக்கு ஒரு தைரியம்டா, கல் மனசுடா" என்று எத்தனையோ தடவை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் ஆமாம் என்பது போல் சிரித்துக்கொண்டு இருந்துவிடுவாய். அடப்பாவி.

கல் மனசுக்காரனுக்கு நெஞ்சு வலி வந்தது கடையில் உட்கார்ந்திருக்கும்போது. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நாங்கள் ஓடி வந்தபோது உன்னைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள்.

பத்தாம் நாள் சடங்கு முடிந்து வெளியே வந்து நானும் ரபீக்கும் டீ வாங்கினோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் குடிக்கவே இல்லை. "உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான். இப்ப யாருக்கு நான் சத்தியத்தைக் காப்பாத்தறது?" என்றான். அன்றைக்கு ஸ்கூட்டரில் நீ அவன் பின்னால் உட்கார்ந்து வந்தாயாம். என்னிடம் பேசி முடித்ததும் ம்யூட் போட்டுவிட்டு அவன் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுவாயாம். "பெருமாளே, பெருமாளே" என்று குலுங்கிக் குலுங்கி. பேச வேண்டி வந்தால் தலையைத் தூக்கி, மூக்கைத் துடைத்து, ம்யூட்டை எடுத்துப் பேசுவாயாம். பிறகு மறுபடி முட்டிக்கொள்வாயாம். "இறங்கறப்ப என் சட்டை பின்னாடி முழுக்க நனைஞ்சு கிடந்துச்சுடா. வேர்வை இல்லடா அது" என்றான்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுதவன் சொல்லித் தொலைத்தால் என்ன? கல் மனசு என்று நான் வாய் கிழியப் பேசும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே! பிறகு டீக்கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரபீக் என் தோளில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

இப்போது ஒன்று சொல்லி முடிக்கிறேன். போன வாரம் மனைவி காந்தி மார்க்கெட்டிலிருந்து அழைத்தாள். பாப்பாவைக் காணோம். கையைப் பிடித்துக்கொண்டு வந்தவளைக் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வார்த்தையே வரவில்லை அவளுக்கு, வெறும் அலறல். நான் பம்ப்செட் கடையில் இருந்தேன், எழுந்து நின்றேன். "எங்க நிக்கிற? அதை மட்டும் சொல்லு" என்றேன். பூக்கடை வாசல் என்றாள். "அங்கேயே நில்லு. வெயில் உன் முகத்துல அடிக்குதா, முதுகுலயா?" என்று கேட்டுக்கொண்டே ரபீக்கை இன்னொரு ஃபோனில் பிடித்து அந்தப் பக்கம் அனுப்பினேன். மூட்டை இறக்குகிற ஒருவர் தோளில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாளாம் மகாராணி. கிடைத்துவிட்டாள்.

ராத்திரி சாப்பிடும்போது மனைவி என்னையே பார்த்தாள். "நான் உசுரே போன மாதிரி கத்தறேன், நீங்க ஏதோ பம்ப்செட் விலை சொல்ற மாதிரி பேசறீங்களே. உங்களுக்குப் பயமே இல்லையா?" என்றாள்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோனை வைத்ததும் கடைக் கக்கூஸில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் கர்ச்சீப்பை அடைத்துக்கொண்டு நான் அழுதது அவளுக்குத் தெரியாது. பயம் இருந்ததுடா. உனக்கு அன்றைக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.