பாய்லர் சூட்டில் நிறுத்தப்படும் காய்ச்சல்காரர்கள்

அனுப்புநர்:
கு. செந்தாமரை,
கேன்டீன் ஒப்பந்தத் தொழிலாளி,
முத்தாண்டிக்குப்பம்.

பெறுநர்:
மருத்துவர் பிரபாவதி அவர்கள்,
தொழிலக மருத்துவப் பிரிவு,
நெய்வேலி.

பொருள்: காய்ச்சல் கண்ட ஒப்பந்தத் தொழிலாளர்களை, குணமாகும் என்று சொல்லி பாய்லர் அருகே வேலைக்கு நிறுத்துவதைத் தடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. சென்ற வாரம் காலை ஷிப்ட் தொடங்கும் முன் நடந்த பாதுகாப்புக் கூட்டத்தில் தாங்கள் பேசியபோது டீ கொடுத்தது நான்தான். ஊரெல்லாம் வைரஸ் காய்ச்சல் என்பதால் ஒருவரும் அசையாமல் கேட்டோம். உடம்பில் சூடு ஏறினால் செல்கள் வைரஸை இன்னும் நன்றாக எதிர்த்து நிற்கும், லேசான காய்ச்சலுக்கெல்லாம் மாத்திரைக்கு ஓட வேண்டாம் என்று அழகாக விளக்கினீர்கள். அடுத்து "ஆனால்" என்று தொடங்கினீர்கள், சங்கு ஊதிவிட்டது. சங்கு ஊதினால் எங்கள் ஆட்கள் சாமி ஊர்வலம் வந்தாலும் நிற்க மாட்டார்கள். பாதிப் பேச்சோடு ஷிப்டுக்குப் போய்விட்டார்கள்.

2. மறுநாளே எங்கள் ஒப்பந்த மேற்பார்வையாளர் திரு. சிவசங்கர் அவர்கள் வைத்தியராகிவிட்டார். காய்ச்சல் என்று லீவு கேட்பவர்களை, "சூட்டுல நின்னா வைரஸ் தானா ஓடிடும், டாக்டரம்மாவே சொன்னாங்க" என்று பாய்லர் பக்கம் அனுப்புகிறார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார் என்று நம்ப முயல்கிறேன். ஆள் குறையாமல் வேலை நடப்பதில் அவருக்கு மகிழ்ச்சி.

3. அவருடைய முதல் நோயாளி என் கணவர் குமரவேல். இதில் என் கணவருக்குக் குறை ஒன்றுமில்லை என்பதே என் குறை. பாய்லர் பக்கத்தைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். நேற்று அங்கே இரும்புப் படியில் மயங்கிச் சரிந்தார். உடன் வேலை செய்யும் சுதாகர் பிடித்து இழுத்திராவிட்டால் இந்த மனுவை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும். முதலுதவி அறை நர்ஸ், "ஒடம்பு தானா ஏத்திக்கிற சூடு வேறங்க, வெளியேருந்து வாங்குற சூடு வேறங்க. இவரு தண்ணி வத்திப்போய்க் கெடக்காரு" என்றார். வீட்டில் நான் அதையே சொன்னேன். "டாக்டரம்மா சொன்னதக் கேட்டுக்கினுதான போறேன்? நீயும் நர்சும் அவங்களவுட பெரிய ஆளா?" என்று கேட்டுவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டார்.

4. தங்கள்மேல் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் இங்கே தங்கள் சொல்லுக்குத்தான் மதிப்பு. ஆகவே நாளைக் காலைக் கூட்டத்திற்கு நேரில் வந்து, காய்ச்சல்காரருக்கு வேண்டியது ஓய்வும் தண்ணீரும்தான், பாய்லர் அல்ல என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மேற்பார்வையாளருக்கு அதை எழுத்திலும் கொடுத்தால் நல்லது. தபாலில் போட்டால் தாமதமாகும் என்பதால் இன்று மாலையே இந்த மனுவை நேரில் கொண்டுவருகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. இதை எழுதும் இந்த நேரத்திலும் உடம்பு அனலாய்க் கொதிக்க, என் கணவர் நாளைய ஷிப்டுக்கென்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.

இடம்: முத்தாண்டிக்குப்பம்
நாள்: 18.09.2025

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
கு. செந்தாமரை