கடைசிக் கதிரையில் உன் படம்

மச்சான்,

உன் படம் இப்போது என் வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. உன் அம்மா சுற்றிக் கொண்டுவந்த துவாயை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. இன்று காலை உடுப்பு எடுக்கத் திறந்தபோது காய்ந்த மல்லிகைப்பூ மணத்தது. உடுப்பை எடுக்காமலே கதவைச் சாத்திவிட்டேன்.

"கொழும்பில இருந்து பெரிய கிளப் ஒண்டு ஒருக்காலாவது எங்கட கிறவுண்டில விளையாட வேணும்" என்று நீ சொல்லாத நாளில்லை. முரசுமோட்டையில் உதைபந்தாட்டத்தில் தோற்றுவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த அன்றும் அதையே சொன்னாய். தோற்றவனின் வாயைப் பார் என்று நக்கலடித்தேன். ரோட்டில் படுத்திருந்த மாட்டில் மோட்டார் சைக்கிளோடு மோதி நீ செத்துப்போன பிறகு, உன் பேரில் ஞாபகார்த்தக் கிண்ணப் போட்டி வைத்தோம். ஒவ்வொரு வருடமும் அம்மா பூநகரியிலிருந்து பஸ் ஏறி வருவார். மேசையில் உன் படத்தை வைத்து மாலை போடுவார். வென்ற அணிக்குக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்.

இந்த வருடம் நீ கேட்டது நடந்தது. தங்கள் சீசன் தொடங்குமுன் உள்ளூர்க் கழகங்களோடு விளையாடிப் பார்க்க இரண்டு கொழும்பு அணிகள் சம்மதித்தன. அவர்களைக் கூட்டிவந்த கொம்பனி, கிண்ணம் தன் பேரில் இருக்கவேண்டும் என்றது. கழகத்தின் செயலாளர் நான்தானே. அவனுடைய ஆசைதானே நிறைவேறுகிறது, ஒரு வருடம்தானே என்று கூட்டத்தில் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். அம்மாவுக்குச் சொல்ல இரண்டு தரம் போன் எடுத்தேன். இரண்டு தரமும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன்.

யாரோ திகதியைச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா வந்துவிட்டார். முன் கதிரைகளில் கொம்பனிக்காரரின் பெயர்கள் ஒட்டியிருந்தன. பந்தலின் கடைசிக் கதிரையில், உன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

நீ பார்க்காததே நல்லது. அவர்களில் ஒரு அணியிடம் ஏழு கோல் வாங்கினோம். அதுகூடப் பரவாயில்லை. இடையில் அவர்களுடைய பயிற்சியாளர் உள்ளே வந்து ஆட்டத்தை நிறுத்தி, தன் ஆட்களுக்கு எங்கே நிற்கவேண்டும் என்று காட்டினார். நடுவர் ஒதுங்கி நின்றார். எங்கள் ஆட்கள் இடுப்பில் கைவைத்தபடி காத்து நின்றார்கள். அவர்களுக்கு அது போட்டியே இல்லை மச்சான். பயிற்சிக்கு நட்டுவைத்த கம்புகள்தான் நாங்கள்.

கிண்ணம் கொடுக்கும் நேரம் வந்ததும் அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

"தம்பி, என்னை எப்ப கூப்பிடுவினம்?"

"இந்த முறை கொம்பனிக்காரர்தான் குடுக்கினம் அம்மா."

"ஓம், அதுவும் சரிதான்" என்றார். பிறகு, "அவன்ர படத்தை மட்டும் மேசையில வைக்கலாமோ?" என்று கேட்டார்.

மேசை முழுக்கக் கொம்பனியின் துணி விரித்திருந்தது. கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனேன். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. கிண்ணத்தோடு படமெடுத்தவர்கள் கூப்பிட, அவர்களோடு போய் நின்று சிரித்தேன். திரும்பி வந்தபோது அவர் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார். கதிரையில் துவாயால் சுற்றிய உன் படம் மட்டும் இருந்தது.

மறந்துவிட்டுப் போயிருப்பார் என்கிறார்கள். உன் அம்மா உன்னை எங்கே மறப்பார்?

கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு ஞாயிறு பஸ் தரிப்பு வரை போனேன். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. அவர் ஏசுவார் என்ற பயமில்லை எனக்கு. படத்தை வாங்கி வைத்துவிட்டு, "இரு தம்பி, தேத்தண்ணி போடுறன்" என்று சொல்லிவிடுவாரே, அதற்குத்தான் பயம்.